கணினிக் கேள்வி-பதில்: சைட்மேப் கொடுத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் வட்டாரத்துக் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்தி வருகிறேன். முன்னூறு கட்டுரைகளுக்கு மேல் இருந்தும், கூகுளில் தேடினால் சிலவே அகப்படுகின்றன. சைட்மேப் உருவாக்கிக் கொடுத்தால் எல்லாம் வந்துவிடும் என்கிறார்கள். அதை எப்படி உருவாக்குவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளைத் தேடுபொறிகளுக்காகப் பட்டியலிடும் கோப்புதான் சைட்மேப். அநேகமாக அது ஏற்கெனவே உருவாகியிருக்கும். 2020 ஆகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் தானாகவே சைட்மேப் தயாரித்து வைக்கிறது. தள முகவரியை அடுத்து ஒரு சாய்கோடு இட்டு, ‘டபிள்யூபி-சைட்மேப்.எக்ஸ்எம்எல்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் அது திரையில் தோன்றும். பக்கம் இல்லை என்று வந்தால், முதலில் ‘அமைப்புகள்’ பகுதியில் ‘வாசிப்பு’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் இத்தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் கட்டம் ஒன்று அங்கே உண்டு. தளத்தைக் கட்டும்போது டிக் செய்துவிட்டு, திறப்பு விழாவுக்குப் பிறகும் எடுக்க மறந்துபோவோர் பலர். அந்த டிக் இருக்கும்வரை சைட்மேப்பும் வராது, கூகுளிலும் இடம் கிடைக்காது. யோஸ்ட் போன்ற செருகுநிரலை (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரலை) பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது வேர்ட்பிரஸின் சைட்மேப்பை நிறுத்திவிட்டுத் தன்னுடையதை வேறு முகவரியில் வைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முகவரி கிடைத்ததும், தளம் நடத்துவோருக்காகக் கூகுள் வழங்கும் சர்ச் கன்சோல் என்னும் சேவையில், தளத்தின் உரிமையாளர் நீங்கள்தான் என்பதை உறுதிசெய்து, ‘சைட்மேப்ஸ்’ பகுதியில் அதைச் சமர்ப்பித்துவிடலாம். வேலை இவ்வளவுதான்.

ஆனால் நண்பர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. இன்னின்ன முகவரிகளில் பக்கங்கள் இருக்கின்றன என்று தேடுபொறிக்குத் தெரிவிப்பது மட்டுமே சைட்மேப்பின் வேலை. அவற்றைச் சேர்த்துக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தும் வல்லமை அதற்குக் கிடையாது. சமர்ப்பித்தபின் கன்சோலில் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று வருவதற்குப் பொருள், கோப்பைப் படிக்க முடிந்தது என்பதே தவிர, பக்கங்கள் சேர்ந்துவிட்டன என்பதல்ல. உண்மை நிலவரத்தைப் ‘பக்கங்கள்’ அறிக்கையில்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கண்டறிந்தும் இன்னும் வந்து படிக்கவில்லை என்பது ஒரு நிலை. வந்து படித்துவிட்டு, இப்போதைக்குச் சேர்க்கவில்லை என்று ஒதுக்கிவைப்பது இன்னொரு நிலை. முதல் நிலையில் சைட்மேப் தன் கடமையைச் செய்துவிட்டது; இரண்டாவது நிலையில் குறையைக் கட்டுரைக்குள்தான் தேட வேண்டும். கல்வெட்டின் புகைப்படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதிவிட்ட பக்கங்கள் உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் சைட்மேப்பில் கட்டுரைகளோடு, பிரிவுகள், குறிச்சொற்கள், எழுதியவர்கள் ஆகியவற்றுக்கான பக்கங்களும் இடம்பெறும். ஒவ்வொரு மன்னர் பெயருக்கும் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிக் குறிச்சொல் கொடுத்திருந்தால், ஒரே கட்டுரையை மட்டும் காட்டும் குறிச்சொல் பக்கங்கள் கட்டுரைகளைவிட அதிகமாகிவிடும். அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குவது நல்லது. சுமார் 500 பக்கங்களுக்கு உட்பட்ட தளத்தில் முகப்பிலிருந்து எல்லாப் பக்கங்களுக்கும் இணைப்புகளின் வழியே போய்ச்சேர முடியுமானால், சைட்மேப் தேவைப்படாமலும் போகலாம் என்று கூகுளே கூறுகிறது. ஆகவே, ஒரு கோயிலின் கட்டுரையிலிருந்து அதே அரசர் காலத்து மற்றக் கோயில்களின் கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுங்கள். என் கணிப்பில், உங்களுக்கு அதுதான் கூடுதலாகப் பயன்தரும்.

கேள்வி: சைட்மேப்பில் எல்லாப் பக்கங்களுக்கும் முன்னுரிமை 1.0 என்றும், தினமும் மாறுகிறது என்றும், கடைசியாக மாறிய தேதி இன்றைய தேதி என்றும் எழுதிவிட்டால் கூகுள் அடிக்கடி வருமா?
– வாசகி, மதுரை

பதில்: வராது. முன்னுரிமை, மாறும் கால இடைவெளி ஆகிய இரண்டு குறிகளையும் கூகுள் பொருட்படுத்துவதில்லை. எல்லாரும் எல்லாவற்றுக்கும் 1.0 போட்டால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? கடைசியாக மாறிய தேதியை மட்டும் அது பார்க்கிறது. அதுவும் அந்தத் தேதி தொடர்ந்து நம்பத்தக்கதாக இருந்தால்தான். தினமும் புதுத் தேதியைப் பார்த்து வந்து, பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாததைக் காணும் தேடுபொறி, நாளடைவில் உங்கள் தேதிகளையே நம்பாமல் விட்டுவிடும். பிறகு நீங்கள் உண்மையாகவே ஒரு கட்டுரையைத் திருத்தி எழுதும்போதும் அந்தத் தேதியால் பயனிராது. கட்டுரையின் உள்ளடக்கமோ முக்கிய இணைப்புகளோ மாறினால் தேதியை மாற்றுங்கள். அடிக்குறிப்பில் பதிப்புரிமை ஆண்டு மாறியதற்கெல்லாம் மாற்ற வேண்டாம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-03-09 என்பதுபோல் எழுத வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களில் 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பு முதல் கட்டுரைகளுக்கு இது தானாகவே இடம்பெறுகிறது.

கேள்வி: என் தளத்தின் முகவரிகள் தமிழில் உள்ளன. சைட்மேப்பில் அவை விழுக்காட்டுக் குறிகளாகத் தெரிகின்றன. இது பிழையா? கோப்பில் கோளாறு என்றும் சில நேரம் செய்தி வருகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலாவது பிழையன்று. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் இகரக் கொக்கியையும் புள்ளியையும் சேர்த்து ஐந்து குறிகள் இருப்பதால், சைட்மேப்பில் அது 45 எழுத்துகளாக நீள்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துகளே ஒதுக்குவதால், நீண்ட தமிழ்த் தலைப்புகள் ஏறத்தாழ 22 குறிகளோடு பாதியில் அறுந்துவிடும். எனவே முகவரிக்கு இரண்டு மூன்று சொற்களை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். வெளியிட்ட பிறகு அதை மாற்றாதீர்கள்.

கோளாறுச் செய்திக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். முகவரிக்குள் ‘&’ குறியை அப்படியே விட்டிருந்தால், அந்த ஓர் எழுத்தால் முழுக் கோப்பும் படிக்க முடியாததாகிவிடும்; அதை உரிய மாற்றுக் குறியீடாக எழுத வேண்டும். அல்லது, கோப்பின் முதல் வரிக்கு முன்னே ஒரு வெற்று வரி நுழைந்திருக்கும். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் கோப்பு ஏதேனும் ஒன்றின் தொடக்கத்திலோ முடிவிலோ மிச்சமாய் நிற்கும் இடைவெளியிலிருந்து அது வருவதுண்டு.

கேள்வி: புதிய கட்டுரை போட்டதும் கூகுளுக்குத் தகவல் அனுப்பும் ‘பிங்’ வசதி ஏன் வேலை செய்யவில்லை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 2023 ஜூனில் அறிவித்து, கூகுள் அதை நிறுத்திவிட்டது. தேடுபொறிகளுக்கான குறிப்புகளைக் கொண்ட ரோபோட்ஸ் கோப்பில் சைட்மேப்பின் முழு முகவரியை ஒரு வரியில் எழுதிவைத்தால் அல்லது சர்ச் கன்சோலில் ஒருமுறை சமர்ப்பித்தால் போதும், கூகுள் தானே வந்து பார்த்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் பிங் (Bing) தேடுபொறிக்கும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸுக்கும் உடனடியாகத் தெரிவிக்க, 2021இல் அவை தொடங்கிய ‘இண்டெக்ஸ்நவ்’ முறையைப் பயன்படுத்தலாம்.