பனிநாட்டுக்குப் போகும் பிள்ளைகளின் உடை: கேள்வி பதில்

உவர்மலையிலிருந்து: தை மாதம் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்கிறோம். ஆறு வயது மகன் ஓரிடத்தில் நிற்காதவன். அவனுக்கு என்ன வாங்குவது?

பதில்: உடலோடு ஒட்டியிருப்பது மெல்லிய கம்பளியாகவோ பொலியெஸ்டராகவோ இருக்கட்டும், அதன்மேல் ஃபிளீஸ் என்னும் மென்மயிர்ச் செயற்கைத் துணி, வெளியே நீர் புகாத, உள்ளே செயற்கைப் பஞ்சு வைத்த ஜாக்கெற்றும் காற்சட்டையும். வாத்து இறகு நனைந்தால் கட்டியாகி வெப்பம் காக்காது என்பதால் பனியில் உருளும் பிள்ளைக்கு அதை நான் சொல்லமாட்டேன். சிட்டையில் 10,000 மி.மீ. என்றிருந்தால், அவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். ஆனால் தையல்களின் உட்புறம் நாடா ஒட்டப்படாவிட்டால் ஊசித்துளை வழியாகவே தண்ணீர் வரும். பருத்திப் பெனியன் மட்டும் வேண்டாம்.

திருக்கடலூரிலிருந்து: கடலுக்குப் போடும் மழையங்கிக்குள் இரண்டு சுவெற்றர் போட்டால் போதாதா?

பதில்: வலை இழுத்துவிட்டு அங்கியைக் கழற்றும்போது உங்கள் சட்டை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், அண்ணா. வெளியே இருந்து வரும் நீரை மறிக்கும் அந்த றப்பர், உள்ளிருந்து போகும் வியர்வையையும் மறிக்கிறது. நமது கரையில் அதனால் கேடில்லை. அங்கோ ஓடி நின்ற பிள்ளையின் உடல் வெப்பத்தை அந்த ஈரமே இழுத்துக்கொள்ளும், ஏனெனில் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. நல்ல பனி ஜாக்கெற்றின் துணியில், 1969இல் அமெரிக்கரான பொப் கோர் இழுத்து விரித்த டெஃப்லோன் படலம் போன்றவை இருக்கும்; அவற்றில் உள்ள நுண்துளைகள் நீர்த்துளியை விடமாட்டா, நீராவியை விடும், ஜாக்கெற்றின் விலை அதற்குத்தான்.

அவரே மீண்டும்: நோர்வே மீனவர்களும் றப்பர் அங்கிதானே போடுகிறார்கள்?

பதில்: போடுகிறார்கள், உள்ளே கம்பளியோடு. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பனி உருகிச் சேறாகும் நாட்களில் அந்த நாடுகளின் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் றப்பர் பூசிய உடையோடுதான் குந்தியிருந்து விளையாடுகிறார்கள். உறைகுளிரில் ஓடி விளையாடுவதற்கு அது ஆகாது.

நிலாவெளியிலிருந்து: அண்ணா சொல்வதே சரி. சுவெற்றர் பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சிவிடுமே?

பதில்: உறிஞ்சும், பிறகு விடாது. அதுதான் குற்றம்.

கிண்ணியாவிலிருந்து: பிள்ளை வளருமே, இரண்டு அளவு பெரிதாக எடுக்கலாமா?

பதில்: ஒரேயொரு அளவு பெரிது போதும். அதற்கு மேல் போனால் கை மறைந்து கால் தடுக்கும்.

மூதூரிலிருந்து: மகளுக்கு எவ்வளவு பெரிதாக எடுப்பது?

பதில்: மேலே பார்க்கவும்.

சாம்பல்தீவிலிருந்து: நுவரெலியாச் சுற்றுலாவுக்கும் இவை வேண்டுமா?

பதில்: அங்கே சில விடியல்களில் உறைபனி படியும், பனி பொழியாது. சுவெற்றரும் மழைக்கோட்டும் போதும்.

தம்பலகாமத்திலிருந்து: எப்படித் துவைப்பது? காரில் ஏறும்போது கழற்ற வேண்டுமா?

பதில்: துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள், நீர் வழுக்கி ஓடும் தன்மை கெடும். காரில் கட்டாயம் கழற்றுங்கள்: விபத்தில் தடித்த பஞ்சு அமுங்கி இருக்கைப் பட்டி தளர்ந்துவிடும். பட்டியை இறுக்கியபின் கோட்டை மேலே போர்த்துங்கள்.

மூதூரிலிருந்து மறுபடியும்: பருத்திக் காலுறை பரவாயில்லையா?

பதில்: பெனியனுக்குச் சொன்னதே காலுக்கும். கம்பளி வாங்குங்கள், சப்பாத்துக்குள் விரல் அசைய இடமும் விடுங்கள்.