வீட்டு மேசையில் எலக்ட்ரானிக்ஸ் பழக எந்த மல்டிமீட்டர் வாங்கலாம்? 20000 கவுண்ட்ஸ் அவசியமா?

வேண்டாம். 6000 கவுண்ட்ஸ், அதாவது திரை ஏறக்குறைய 6000 வரை எண்ணிக் காட்டினாலே தாராளம். நீங்கள் இப்போதுதான் சால்டரிங் அயர்ன் வாங்கியிருப்பீர்கள், நாலு ரிவ்யூ பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். என் மானம் போன கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குளச்சலில் படகுக்காரர்களின் எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி), வயர்லெஸ் செட் ரிப்பேர் செய்யும் கடையில் வேலை பழகினேன். கையில் பெயரில்லாத ஒரு மஞ்சள் மீட்டர். ஒரு போர்டில் 7805 ஐசி (வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தருவது) 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் 5.9 காட்டியது. மாற்றினேன். 5.9. இன்னொன்று போட்டேன். அதே 5.9. டூப்ளிகேட் ஐசி தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று போர்டோடு பஸ் ஏறி நாகர்கோவில் போய் ஐசி விற்ற அண்ணாச்சியிடம் சத்தம் போட்டேன். அவர் பேசாமல் 12 வோல்ட் கொடுத்துத் தன் மீட்டரை வைத்தார். 5.02. அப்புறம் என் மீட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த 9 வோல்ட் பேட்டரியை அளந்தார். ஆறரைகூட இல்லை.

“மக்களே, ஐசி எல்லாம் சரிதான். ஒனக்க மீட்டருக்குத்தான் பசி.”

பேட்டரி இறங்கினால் அந்த வகை மீட்டர் உள்ளுக்குள் ஒப்பிடும் வோல்டேஜும் இறங்கும். அளக்கிற எண் ஏறித் தெரியும். பேட்டரி அடையாளம் வர வேண்டிய திரை மூலை என் மீட்டரில் எப்போதோ செத்துவிட்டது. இன்றும் காலையில் ஒரு புது பென்சில் செல்லை அளந்து பார்த்த பிறகுதான் வேலை. 1.6-க்குப் பக்கத்தில் காட்டினால் சரி.

10 ஆம்பியர் ஓட்டையில் ஃபியூஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், கண்ணாடி ஃபியூஸ் இல்லை, செராமிக். சிவப்பு வயரை அதிலேயே மறந்துவிட்டு கரண்ட் பிளக்கில் குத்தினால் நேரடி ஷார்ட். எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டை டிசியாக மாற்றும் பவர் சப்ளையைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் டிசியாக நிற்கும், அதனால் மீட்டரில் எழுதியிருக்கும் பாதுகாப்புத் தரம் கேட் 3 (CAT III), 600 வோல்ட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள். கன்டின்யூட்டி பீப் (வயர் அறுபடாமல் இருக்கிறது என்று சொல்லும் சத்தம்) தொட்டதும் கத்த வேண்டும், தாமதித்தால் கடுப்பாகும்.

விலை கூடிய ஃப்ளூக் கம்பெனி மீட்டர் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல மீட்டர்தான், யார் இல்லை என்றது? பழகுகிறவனுக்கு அந்தக் காசில் ஒரு பெஞ்ச் பவர் சப்ளையும் சேர்த்து வாங்கலாம் என்கிறேன், அவ்வளவுதான். மஞ்சள் மீட்டரையும் நான் எறியவில்லை; பேட்டரி மாற்றி 12 வோல்ட் வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. உப்புத்தண்ணீர் குடித்த செட்டை ஒன்றரை மணி நேரம் அளந்து, “போர்டு போச்சு, இனி தேறாது” என்று சொன்னால், “சும்மா பாத்ததுக்கு எதுக்குப் பைசா?” என்கிறார்கள். சும்மாவா பார்த்தேன்?