செங்கடலில் பிரச்சினை என்றால், அந்தப் பக்கமே போகாத சரக்குக்கும் சென்னையில் கப்பல் வாடகை ஏன் ஏறுகிறது?

கப்பல் வாடகை என்பது ஒரு கண்டெய்னரைத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் கொண்டுசேர்க்கக் கப்பல் கம்பெனி வாங்கும் கூலி. தூரம் மட்டும் அதை முடிவு செய்வதில்லை. கப்பலில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

2023 நவம்பரில் ஏமன் நாட்டுக் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே பெரிய கம்பெனிகள் பல, செங்கடலிலிருந்து ஐரோப்பாவுக்குக் குறுக்குவழியான சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுமார் 10 நாள் கூடுதல். கப்பல்களின் எண்ணிக்கை அதேதான், ஆனால் ஒவ்வொன்றும் வருஷத்தில் அடிக்கும் நடை குறைந்துவிட்டது.

மெட்ரோ வேலைக்காக ரோட்டை மறித்து மாநகரப் பேருந்தைச் சுற்றி விடுகிறார்கள் இல்லையா? ஒரு பஸ்கூடக் குறையவில்லை, ஆனாலும் ஸ்டாப்பில் கூட்டம் பிதுங்குகிறது. சமாளிக்க வேறு ரூட்டிலிருந்து இரண்டு பஸ்ஸை இழுத்தால் அந்த ரூட்டிலும் கூட்டம். கப்பல் கம்பெனிகள் செய்ததும் இதேதான். போதாததற்குக் காலிக் கண்டெய்னர் பெட்டிகள் திரும்பி வரவும் தாமதம்: ஆம்பூரில் ஷூ ரெடியாக இருந்தாலும் ஏற்றப் பெட்டி வேண்டுமே! (செங்கடல் வழியே துணிந்து போகிறவர்களுக்குப் போர் அபாய இன்சூரன்ஸ் எகிறியது தனிக் கதை.)

சுற்றிப் போவதால் எண்ணெய்ச் செலவு கூடுகிறது, அதைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் அதிகம் பிடிக்கும்தான், ஆனால் சூயஸ் கட்டணம் மிச்சமாகிறதே. வாடகையை அப்படித் தூக்கிவிட்டது பெரும்பாலும் இடத்தட்டுப்பாடுதான்.