இடுப்பில் கத்தி: சக பணியாளர்கள் ஏன் ஒதுங்கிப் போகிறார்கள்?

கேள்வி: நான் ஒரு பெரிய கிடங்கில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சரக்குக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைகளை அறுப்பது, கயிறு வெட்டுவது, பழைய ரப்பர் வளையங்களைச் சுரண்டி எடுப்பது, கேபிளின் மேலுறையைச் சீவுவது என்று நாள் முழுக்கக் கத்தி வேண்டியிருக்கிறது. முன்பு மடக்குக் கத்தி வைத்திருந்தேன். ஒருநாள் சுரண்டும்போது அது மடங்கி ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. நான்கு தையல். அதன் பிறகு சுமார் 12 செ.மீ. அலகுள்ள மடங்காத கத்தியை உறையோடு பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறேன். இப்போது சிலர் "யாரைக் குத்தக் கிளம்பிட்டே?" என்று கிண்டல் செய்கிறார்கள். அலுவலகப் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறார். மேற்பார்வையாளர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. நான் யாரையும் மிரட்டியது கிடையாது. கத்தியை விடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: முதலில் விரல் எப்படி இருக்கிறது? முழுதாக மடக்கி நீட்ட வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தோல் ஆறிவிட்டாலும் உள்ளே தசைநாண் பாதி அறுபட்டிருந்தால் பிடிமானம் குறையும். மடக்கும்போது வலியோ தளர்ச்சியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கத்திப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சரி, கத்திக்கு வருவோம். சுரண்டும் வேலைக்கு மடக்குக் கத்தி ஆகாது என்று நீங்கள் முடிவு செய்தது சரியானது. மடக்குக் கத்தியின் பலவீனமான இடம் அதன் மூட்டு. விரித்த அலகைப் பிடித்து நிறுத்துவது பல கத்திகளில் பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடுதான். அது அலகின் அடிப்பகுதியில் ஓரமாகப் போய் முட்டுக் கொடுத்து நிற்கும். கிடங்குத் தூசியும் அட்டைத் துகளும் அங்கே சேர்ந்தாலோ, தகடு தேய்ந்தாலோ, அலகின் முதுகில் எதிர்விசை விழும்போது நழுவிவிடும். பூட்டே இல்லாத பழைய வகைகளில் சொல்லவே வேண்டாம். மடங்காத கத்தியில் நழுவுவதற்கு ஒன்றும் இல்லை. நல்ல கத்தியில் அலகின் இரும்பே பிடியின் கடைசிவரை ஓடும். கழுவுவது எளிது, ஒரே கையால் உருவி ஒரே கையால் செருகலாம். ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த கணக்கு. சுவரோரமாக ஒதுங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் கண்ணில் படுவது உங்கள் இடுப்பும் அதில் தொங்கும் உறையும் மட்டுமே.

இதே கிடங்கில் எத்தனை பேர் கையில் கட்டர் இருக்கும்? புது பிளேடு போட்ட கட்டர் உங்கள் கத்தியைவிடக் கூர்மையாகவே இருக்கும். அதைக் கண்டு யாரும் ஒதுங்குவதில்லை, ஏனென்றால் அது பெட்டி பிரிக்கிற சாமான் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்ததும் பிளேடு உள்ளே போய்விடும். உங்கள் பழைய மடக்குக் கத்தியும் பாக்கெட்டுக்குள் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது மாட்டியிருப்பது நாள் முழுக்க வெளியே தெரிகிறது, அறுக்க எதுவும் இல்லாத இடங்களிலும். கழிப்பறை வாசலில், லிஃப்டில், சம்பளப் பிரிவின் மேசை முன்னால், சாப்பாட்டு அறையில். பயம் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் பிறக்கிறது.

பாதுகாப்புப் பணியில் இருந்த ஆண்டுகளில் நான் விசாரித்த ஒரு புகாரைச் சொல்கிறேன். அருமையான மெக்கானிக், அதிர்ந்து பேசாதவர். ஓய்வறையில் யாருக்கோ வந்த பார்சலைப் பிரிக்க முடியவில்லை என்றதும் உதவிக்குப் போனார். இடுப்பிலிருந்து உருவினார், டேப்பைக் கிழித்தார். அதுவரை சரி. கிழித்த பிறகு கத்தியைச் செருகவில்லை. பேச்சு சுவாரசியத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த மூணாவது கன்வேயர் இருக்கே" என்று முனையால் திசை காட்டிப் பேசினார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார். மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். அடுத்த வாரம் எழுத்தில் புகார் வந்தது. அவரிடம் கேட்டபோது அப்படி ஒரு சம்பவமே அவர் நினைவில் இல்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நினைவில் இல்லை. கத்தி அவருக்கு விரல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. எதிரே இருந்தவருக்கு அந்த ஒரு நிமிடம் மறக்கவே இல்லை.

அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது: கத்தியை விட வேண்டாம், பெல்ட்டை விட்டு இறக்குங்கள். வேலைத் தளத்துக்குள் நுழையும்போது மாட்டுங்கள், வெளியே வரும்போது உறையோடு கழற்றிக் கருவிப் பையில் போட்டுப் பூட்டுங்கள். பெல்ட்டை அவிழ்க்காமல் கழற்றும் கொக்கியுள்ள உறைகள் கிடைக்கின்றன, அதற்கு மாறினால் கழற்ற ஒரு நொடிதான் ஆகும். அலுவலகப் பகுதி, சாப்பாட்டு அறை, கூட்டம், இந்த மூன்று இடங்களிலும் உங்கள் இடுப்பு காலியாக இருந்தால் பிரச்சினையில் பெரும்பகுதி தானாகத் தணியும். என்னைக் கேட்டால், ஏணி, உயரம், ஒரு கை மட்டுமே ஓய்வாக இருக்கும் வேலை, இவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பை போதும். சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசிப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். வெளியே தெரியும்படி வைத்திருக்கும் கத்தி கருவியாகத் தெரியும். சட்டைக்கு அடியிலிருந்து வெளிப்படும் கத்திக்கு யாரும் அந்த அர்த்தம் கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி. உங்களுக்கு வருத்தமாக இருக்கும், புரிகிறது. ஆனால் நேரே போய் "ஏன் பயப்படுறீங்க, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று விளக்கம் சொல்ல வேண்டாம். கத்தியைக் கண்டு அஞ்சுகிறவர்களில் சிலருக்கு அதற்கான காரணம் வாழ்க்கையிலேயே இருக்கும். அதை உங்களிடம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. நீங்கள் கத்தி இல்லாமல் நாலைந்து முறை அவரைக் கடந்து, வழக்கம்போல ஒரு வணக்கம் வைத்தால் போதும். அவராகவே பேச்சை எடுத்தால், விரல் கிழிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். கத்தியை எடுத்துக் காட்ட வேண்டாம்.

கிண்டல் வேறு வகை. "யாரைக் குத்தக் கிளம்பிட்டே?" என்பதில் பாதி கேள்வி. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "பட்டை அறுக்க. பழைய கத்தி மடங்கி விரல் போயிருக்கும்." அவ்வளவுதான். தழும்பு இருந்தால் காட்டுங்கள், அதற்கு மேல் சான்று தேவையில்லை. ஆனால் பதிலுக்கு "உன்னைத்தான்" என்று சிரித்துக்கொண்டே கூடச் சொல்லிவிடாதீர்கள். இடுப்பில் கத்தி இருப்பவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வரவே கூடாது. இன்று எல்லோரும் சிரிப்பார்கள். மூன்று மாதம் கழித்து வேறொரு தகராறில் உங்கள் பேர் அடிபடும்போது, அதே வாக்கியம் சிரிப்பு இல்லாமல் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். மனம் கொதிக்கிற நாளிலும், யாரோடாவது முட்டிக்கொண்ட நாளிலும், கத்தியைப் பையில் போட்டுவிட்டு அப்புறம் பேசப் போங்கள். நீங்கள் எதுவும் செய்ய மாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் கோபமாகப் பேசுகிறவர் இடுப்பில் கத்தி இருந்தால், எதிரில் நிற்பவர் பேச்சைக் கேட்க மாட்டார், கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேற்பார்வையாளரின் மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த வரி அதுதான். பல நிறுவனங்களின் நடத்தை விதிகளில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்ட கத்தியும் அடங்கும். சில இடங்களில் நிறுவனம் கொடுக்கும் கத்தியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. புகார் வந்த அன்று, பார்த்தும் பேசாமல் இருந்த மேற்பார்வையாளர் "நான் கவனிக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே எழுதிக் கேளுங்கள். என்னென்ன வேலைக்கு வேண்டும், மடக்குக் கத்தியால் என்ன காயம் பட்டது, அலகு எவ்வளவு நீளம், எங்கே மாட்டுவீர்கள், எங்கே கழற்றிவிடுவீர்கள் என்று நாலு வரி போதும். பாதுகாப்பு அலுவலர் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி. விரல் காயம் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் தரப்பில் இருக்கும் வலுவான சான்று அந்தப் பதிவுதான்.

முடியாது என்று பதில் வந்தால்? வாதாடலாம், ஒளித்து வைக்கக் கூடாது. அதோடு, உங்கள் வேலையில் பாதிக்கு இந்தக் கத்தியே தேவையில்லை என்பது என் எண்ணம். பட்டைக்கும் கயிற்றுக்கும் கொக்கிக் கத்தி இருக்கிறது. அலகு ஒரு வளைவுக்குள் மறைந்திருக்கும், பட்டையை மாட்டி இழுத்தால் அறுந்துவிடும், குத்த முனையே கிடையாது. அட்டைப் பெட்டிக்குத் தானாகப் பின்வாங்கும் கட்டர் இருக்கிறது. அதில் நல்ல வகையாக இருந்தால், பொத்தானைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தாலும் பிளேடு அட்டையை விட்டு விலகிய கணமே உள்ளே போய்விடும். கேபிளுக்கு உறை சீவும் கருவி தனியாக உண்டு. ரப்பருக்குச் சுரண்டும் கருவி உண்டு. இவற்றைக் கேட்டு வாங்கிய பிறகும் மிஞ்சுகிற வேலைக்கு மட்டும் கத்தி வேண்டும் என்று கேட்டால், மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

கத்தியைக் கொஞ்சம் அந்நியக் கண்ணால் பாருங்கள். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், இரு பக்கமும் கூர், பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் பெரிய தடுப்பு, இதில் எது இருந்தாலும் அது வேலைக்குச் செய்த கத்தி மாதிரித் தெரியாது. 12 செ.மீ. அலகும் அதிகம். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு 8 செ.மீ. தாராளம். முனை கூராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கப்பல்களிலும் படகுகளிலும் கயிறு அறுப்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அலகைப் பாருங்கள். வாய், அதாவது வெட்டும் விளிம்பு, நேராக இருக்கும், முதுகு வளைந்து இறங்கி வாயோடு சேரும், ஆட்டுக் குளம்பு போல. ஆடுகிற தளத்தில் தவறிக் குத்திவிடக் கூடாது என்பதால் அந்த வடிவம் பொருந்துகிறது. அதே காரணம் நெரிசலான கிடங்குக்கும் பொருந்தும். பார்க்கிறவர்களுக்கும் அது உளி மாதிரி, அரம் மாதிரி ஒரு சாமானாகத்தான் தோன்றும். பிடி ஆரஞ்சோ மஞ்சளோ ஆக இருந்தால் இன்னும் நல்லது, கீழே விழுந்தாலும் கண்ணில் படும்.

ஸ்வீடனில் மோரா ஊரின் பெயரால் வழங்கும் கத்திகளைத் தச்சர்களும் கட்டுமானப் பணியாளர்களும் வெகு சாதாரணமாக வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் உறையை வேலைக் கால்சட்டையின் பொத்தானிலேயே மாட்டித் தொங்கவிடுவதும் உண்டு. அதே நாட்டில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கிறது, வேலை போன்ற தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. பிரிட்டனிலும் அப்படித்தான். 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு, மடங்காத கத்திக்கு எவ்வளவு சிறியதானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் 12 செ.மீ.க்கு மேற்பட்ட மடங்காத கத்தியைப் பொது இடத்தில் கொண்டுசெல்லத் தடை, தொழில் தேவை விலக்காகும். இந்தியாவின் ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளில் அளவு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம், வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கென்று செய்தவை அதில் சேராது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வேலைத் தளத்தில் கிடைத்த அனுமதி வீட்டுக்குப் போகும் பேருந்துக்குச் செல்லாது. கத்தி வேலையிடத்தின் பெட்டியிலேயே தங்கட்டும்.

உறையைச் சோதிக்க ஒரு வழி: கத்தியைச் செருகி, தலைகீழாகப் பிடித்து, கீழே மெத்தென்று ஏதாவது விரித்துக்கொண்டு நன்றாக உதறுங்கள். அசைந்தால் அந்த உறை வேண்டாம். தோல் உறை நனைந்து காய்ந்து தளரும், ஈரத்தைப் பிடித்துவைத்து அலகில் துருவையும் ஏற்றும். வார்ப்பு பிளாஸ்டிக் உறையில் 'டக்'கென்று பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் மாட்டுங்கள். முதுகெலும்புக்கு நேராக வேண்டாம், ஏணியிலிருந்து மல்லாந்து விழுந்தால் அந்த உறையின் மேல்தான் விழுவீர்கள்.

யாராவது "ஒரு நிமிஷம் கத்தி குடேன்" என்று கேட்டால் கைக்குக் கை கொடுக்காதீர்கள். மேசையில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். அதைவிட நல்லது, "எதை அறுக்கணும், காட்டு" என்று நீங்களே போய் அறுத்துக் கொடுப்பது. உருவு, அறு, செருகு. இந்த மூன்றுக்கும் நடுவே பேச்சு வேண்டாம். வெட்டுத் தடுப்புக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 388இன் புதிய வடிவில் வெட்டுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் இருக்கும், எஃப் தான் உயர்ந்தது. கையுறை உரசும் வாய்க்குத்தான் காப்பு, நேராக இறங்கும் முனையை நிறுத்தும் என்று நம்ப முடியாது. இன்னொரு கை எப்போதும் வெட்டும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். வாய் மழுங்கினால் அன்றே சாணை பிடியுங்கள். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டிவரும், அழுத்தும்போது நழுவும்.

திங்கள்கிழமை கடிதத்தைக் கொடுங்கள். பதில் வரும்வரை கத்தி பெட்டியிலேயே இருக்கட்டும், பட்டைக்குக் கொக்கிக் கத்தி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், விரலைப் பற்றியும்.