ஜூஸில் பெக்டின் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல். பெக்டின் நல்லது என்கிறார்கள். தினமும் காலையில் நான் குடிக்கும் பாட்டில் ஆப்பிள் ஜூஸில் அது கிடைத்துவிடாதா? இல்லை, பவுடர் வாங்க வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: ஜூஸை நம்பி இருக்காதீர்கள். பாட்டில் ஜூஸ் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது என்றால், பெக்டினேஸ் என்ற நொதியைச் சேர்த்து பெக்டினைச் சிதைத்து வடிகட்டியிருப்பார்கள். நீங்கள் தேடுவது போய்விடுகிறது, சர்க்கரை தங்கிவிடுகிறது. கொலஸ்ட்ராலுக்காக என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் நிறுத்தச் சொல்வது இந்த ஜூஸைத்தான்.

தாவர செல் சுவர்களில் இருக்கும் கரையும் நார்ச்சத்துதான் பெக்டின். ஜாமை இறுக வைப்பதும் இதுவே. குடலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழாகி, பித்த அமிலங்கள் உடலுக்குள் திரும்பிப் போவதைக் குறைக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டப் புதிதாகப் பித்தம் சுரக்க வேண்டும். அதற்குக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் பெக்டினைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான். எனக்கு இதுதான் பெக்டினின் பெரிய நன்மையாகத் தோன்றுகிறது, ஆனால் இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

ரத்தக் கொலஸ்ட்ராலைச் சீராக வைக்க நாளுக்கு 6 கிராம் பெக்டின் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்ற அளவு. ஒரு நடுத்தர ஆப்பிளில் இருப்பது 1 கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆகவே ஆப்பிளோடு கொய்யா, ஆரஞ்சு, கேரட் எல்லாம் வேண்டும். ஆரஞ்சுச் சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை உரித்துப் போடாதீர்கள். பெக்டின் அதில்தான் நிறைய. கனிந்து குழைந்த பழத்தைவிடச் சற்றுக் கெட்டியான பழம் மேல்.

பவுடர் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பின்னால் எடுப்பதானால் நிறையத் தண்ணீரோடு எடுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். லோவாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால், அதே நேரத்தில் பெக்டின் எடுக்க வேண்டாம். மருந்து உடலில் சேர்வது குறையும். எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் வாரம் வயிறு உப்பும், வாயு பிரியும். அளவை மெதுவாகக் கூட்டுங்கள். கொலஸ்ட்ராலும் மிதமாகத்தான் இறங்கும். டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருந்தால் பழத்தை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.