பழைய லாரியில் ஒடித்த ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. ஸ்டியரிங் பாக்ஸை மாற்ற வேண்டுமா?

மாற்றாதீர்கள். முதலில் டிராக் லிங்க்கை, அதாவது ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டு வரியோடு போய்விடலாம். மற்றவர்களுக்கு, நான் 14,000 ரூபாய் கட்டிப் படித்த பாடத்தைச் சொல்கிறேன்.

வளைவில் ஒடித்த ஸ்டியரிங் பிடியைத் தளர்த்தினாலும் அப்படியே நிற்கிறது, கையால் இழுத்துத்தான் நேருக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, மெக்கானிக் பாக்ஸ் போய்விட்டது என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க மாட்டார். கேபினில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுச் சொல்லியிருப்பார். என் மெக்கானிக்கும் அதைத்தான் செய்தார்.

நான் மெக்கானிக் இல்லை. 19 வருடம் சொந்த வண்டி ஓட்டியவன், அவ்வளவுதான். ஐ.டி.ஐ. படித்தவர்கள் வந்து தப்பு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு தடவையாவது படுத்தவர்கள் மட்டும் வாருங்கள்.

என்னுடையது 1996 மாடல் ஆறு சக்கர வண்டி, பவர் ஸ்டியரிங் கிடையாது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், இங்கே அதற்கென்றே சண்டைக்கு வர ஆள் இருக்கிறார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிப் புனலூரில் இறக்குவது வழக்கம். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழி. இது 2014. அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை (2019 நவம்பரில்தான் ஆனது), நாங்கள் எல்லோரும் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள்தான்.

ஆனி மாதக் கடைசியில் முன்பக்கம் இடது மெயின் பட்டை (பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) ஒடிந்தது. ஒரு பட்டறையில் விட்டு இரண்டு பக்கமும் செட்டாக மாற்றினேன். மறுநாள் லோடு ஏறியதுமே ஸ்டியரிங் ஒரு மாதிரி இருந்தது. புதுப் பட்டை, படியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆடிச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு நாள், புனலூரிலிருந்து காலி வண்டியாக இறங்கி வருகிறேன். புளியரைக்கு மேலே எஸ் வளைவு இருக்கிறதே, அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வலது பக்கம் ஒடித்து முடிப்பதற்குள் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். வலதுக்கு ஒடித்தேன். பிடியை விட்டால் சக்கரம் பாதியாவது திரும்பி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. அப்படியே வலது பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கத் தடுப்புச் சுவரை நோக்கிப் போகிறது. பக்கத்தில் கிளீனர் பையன் "அண்ணே, அண்ணே" என்கிறான். எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்துத்தான் திருப்பினேன். எதிரே வண்டி வராதது எங்கள் சாமி புண்ணியம். வீட்டில் போய் டீ தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, இரண்டு கட்டை விரல் சந்தும் வீங்கியிருந்தது.

முதல் மெக்கானிக் ஸ்டியரிங் பாக்ஸின் மேலே இருக்கிற அட்ஜஸ்ட் ஸ்குரூவை இறுக்கிவிட்டார். இதை மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள். அந்த ஸ்குரூ ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால் குறைப்பதற்கு. நேராகப் போகும்போது ஆட்டம் இருக்கக் கூடாது என்று பாக்ஸே நடுவில் கொஞ்சம் நெருக்கமாகத்தான் செய்யப்பட்டிருக்கும். ஸ்குரூவை அளவுக்கு மேல் இறுக்கினால் சரியாக அந்த நடுவில்தான் பிடிக்கும். அப்புறம் எங்கே நேருக்கு வர? எனக்கு முன்பைவிட மோசமானது. இரண்டாவது ஆள் பாக்ஸ் போய்விட்டது என்றார். பழைய மார்க்கெட்டில் 14,000 கொடுத்து வேறு பாக்ஸ் வாங்கி மாட்டினேன். அதே கதை. மூன்றாவதாக வீல் அலைன்மெண்ட். கம்ப்யூட்டரில் காகிதம் எடுத்துக் கொடுத்தார்கள், எல்லாம் பச்சையாக இருந்தது. அவர்கள் பார்த்தது டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் ஆலங்குளத்துக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் ஒரு ஜாக்கியும் நாலு கட்டையும் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

"எப்பம் இருந்து இப்படி இருக்கு?" என்றார்.

"பட்டை மாத்துனதுல இருந்து அண்ணாச்சி."

"அதை மொதல்ல சொல்ல வேண்டாமாலே? பாக்ஸ மாத்துனேன், ஸ்குரூவ முறுக்குனேன்னு கதை சொல்லுத."

பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டை அடுக்கி நிறுத்தினார். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நாளைக்கு யாரும் எழுத வேண்டாம்.) டிராப் ஆர்மில் (பாக்ஸிலிருந்து தொங்கும் கை) டிராக் லிங்க் சேரும் இடத்தில் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, அந்தக் கண்ணுக்கு ஒரு பக்கம் ஒரு சுத்தியலை அணைக் கொடுத்து மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் இரண்டு போடு போட்டார். டக்கென்று இறங்கிவிட்டது. மரையில் அடித்தால் பால் ஜாயிண்ட் காலி, பக்கவாட்டில்தான் அடிக்க வேண்டும்.

இப்போது பாக்ஸ் தனி, சக்கரம் தனி. விஷயமே இதுதான். என்னைக் கேபினில் ஏறி ஸ்டியரிங்கைச் சுற்றச் சொன்னார். நடுவில் எங்கேயும் பிடிக்காமல் ஒரு விரலுக்குச் சுற்றியது. இங்கே இறுக்கம் இருந்தால்தான் பாக்ஸையோ ஸ்டியரிங் ராடு கப்ளிங்கையோ சந்தேகப்பட வேண்டும். அப்புறம் அவர் முன் டயரைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினார். போனது, ஆனால் இடது பக்கம் லேசாக நரநரத்தது. இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கழற்றித் தனித்தனியாக ஆட்டிப் பார்த்தார். இடது கிங்பின் (சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் முளை) காய்ந்து கிடந்தது. "கிரீஸ் அடிக்கத்தான் செய்தேன்" என்றேன். தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் முழுக்கக் கிங்பின்னின் அடியிலிருக்கும் திரஸ்ட் பேரிங்கை அமுக்கிக்கொண்டிருக்கும், கிரீஸ் உள்ளே போகாமல் ஓரமாகப் பிதுங்கும், தூக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்றார். அடித்தார். முதலில் துருவும் கறுப்புமாக வந்தது, கொஞ்ச நேரத்தில் புது கிரீஸ் வந்தது. உங்கள் வண்டிக்கு இதோடு சரியாகிவிடவும் வாய்ப்பு உண்டு. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம்.

என்னுடையது இதோடு முடியவில்லை. "இவ்வளவு லேசான பிடி உன் கையை வீங்க வைக்காதே" என்று சொல்லிவிட்டு, குந்தி உட்கார்ந்து பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் டார்ச் அடித்தார். அங்கே ஒரு இரும்பு ஆப்பு இருக்கும், ஒரு ஓரம் கனமாக, ஒரு ஓரம் மெலிசாக. என் வண்டியில் கனமான ஓரம் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் இருந்தது. இரண்டு பக்கமும். பட்டை மாற்றியவர்கள் திருப்பி வைத்து யூ போல்ட்டை முறுக்கிவிட்டார்கள். "ஆப்பு வச்சுட்டானுவலே ஒனக்கு" என்று அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஆப்பு எதற்கு என்றால், கிங்பின்னின் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதற்கு. கேஸ்டர் என்பார்கள். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறது அல்லவா, அதே கணக்குதான். சீட்டைப் பிடித்துச் சைக்கிளை முன்னால் தள்ளினால் ஹேண்டில்பார் ஓரளவு நேராகவே போகும், பின்னால் இழுத்தால் பொசுக்கென்று மடங்கும். ஆப்பு திரும்பியதால் என் வண்டி பின்னால் இழுத்த சைக்கிள் மாதிரி ஆகிவிட்டது. ஓவர்லோடுக்காகப் பின்னால் கூடுதல் பட்டை போட்டு வண்டியைத் தூக்கி வைத்தாலும் இந்தச் சாய்வு குறையும். அதைச் செய்திருந்தால் உங்கள் மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள். எல்லா வண்டியிலும் ஆப்பு இருக்காது, பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டிக்குத்தான் நான் சொன்ன பக்கக் கணக்கு.

கூலி 900 ரூபாய் கேட்டார். 1,000 கொடுத்தேன், மீதி நூறைத் திருப்பித் தந்துவிட்டார். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் "கிரீஸ் கைக்காரன்" என்று பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். என் தம்பிக்கும் இதேதான் நடந்தது. நிச்சயம் வரைக்கும் வந்துவிட்டு, "லாரிக்காரக் குடும்பம், நமக்குத் தோது இல்லை" என்று போனார்கள். அதே வீட்டுக்காரர் இரண்டு வருடம் கழித்துப் பாளையங்கோட்டைக்கு வீடு மாற்ற, "வண்டி கிடைக்குமா தம்பி, டீசல் மட்டும் போட்டுக்கிடுதேன்" என்று போன் பண்ணினார். வெட்கமே இல்லாமல் நானும் போனேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், மன்னிக்கவும்.

பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் கேபின் பக்கத்துச் சோதனை கொஞ்சம் மாறும். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சுற்றினால் இயல்பாகவே கனமாகத்தான் இருக்கும், அதை வைத்துப் பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். சக்கரப் பக்கத்துச் சோதனை எல்லா வண்டிக்கும் ஒன்றே. எதற்கும் முன் டயர் இரண்டிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கழற்றிப் பார்த்துவிட்டு இறுக்கம் சக்கரத்திலா, கேபினிலா, இரண்டிலும் இல்லையா என்று கீழே எழுதுங்கள். அலைன்மெண்ட் காகிதத்தைப் படம் பிடித்துப் போட வேண்டாம். கடைசியாகப் பட்டை வேலை எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், கழற்றிப் போட்ட என் பழைய பாக்ஸ் நல்ல நிலையில் இன்னும் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள்.