777 கொடுத்தும் கதவு திறக்கவில்லையே!

கேள்வி: சின்ன அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ்தான் பிழைப்பு. டிசைன் செய்பவர்கள் மூவரும் திருவாரூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டு, இணையம் வழியே ஃபைல் ஏற்றி இறக்கும் எஸ்எஃப்டிபி சர்வராக்கி, மூவருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். போன வாரம் ஒருவர் ஃபைலை இன்னொருவர் அழித்துவிட்டார். உடனே தனித்தனி அக்கவுன்ட் போட்டு, அவரவர் ஃபோல்டரைத் தாண்டாதபடி சிஎச்ரூட்டும் செய்தேன். இப்போது பாஸ்வேர்டு அடித்ததுமே இணைப்பு அறுந்துவிடுகிறது. எல்லோருக்கும் முழு உரிமை தரும் 777 பெர்மிஷன் கொடுத்தும் பலனில்லை.
- அச்சக உரிமையாளர், மன்னார்குடி

பதில்: 777 கொடுத்தீர்களே, இனி எங்கே சார் திறக்கும்!

உங்கள் ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் நெல்லோ உளுந்தோ, அது உங்கள் இஷ்டம். மதகுச் சாவி மட்டும் பாசன ஊழியரான லஸ்கர் கையில்தான். சிஎச்ரூட்டும் அப்படித்தான். ஒருவரை எந்த ஃபோல்டருக்குள் அடைக்கிறீர்களோ அந்த ஃபோல்டரும், தலைமடையிலிருந்து அதுவரை வழியில் உள்ள அத்தனை ஃபோல்டர்களும் ரூட் என்ற தலைமை அக்கவுன்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அதில் எழுத உரிமை இருக்கக் கூடாது. சாவி வயல்காரர் கையில் இருப்பதாகத் தெரிந்தால் சர்வர் மூச்சுக் காட்டாமல் இணைப்பை அறுத்துவிடும். காரணம், யார் உள்ளே வந்தார் என்று பதியும் ஆத்.லாக் ஃபைலில் இருக்கும்: 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று ஒரு வரி.

ஆகவே வெளி ஃபோல்டரை ரூட் பெயருக்கு மாற்றி 755 கொடுங்கள் (ரூட் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் பார்க்கலாம்). அதற்குள் 'வேலை' என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் குடந்தைக்காரர் பெயருக்கு எழுதி வையுங்கள். இனி அவர் ஃபைல் ஏற்றுவது, அழிப்பது எல்லாம் அதற்குள்தான். மற்ற இருவருக்கும் இதே மாதிரி.

நீங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமே? 'அச்சகம்' என்று ஒரு குரூப் தொடங்கி உங்களை மட்டும் அதில் சேருங்கள். டிசைனர்களைச் சேர்த்துவிடாதீர்கள். 'வேலை' ஃபோல்டர்களை அந்த குரூப்புக்குக் கொடுத்து 2770 போடுங்கள் (ஃபோல்டர்காரரும் குரூப்பும் எழுதலாம், வெளியாருக்கு ஒன்றும் கிடையாது). முன்னால் நிற்கும் அந்த 2 இருந்தால், உள்ளே புதிதாக வரும் ஃபைல் தானாகவே அச்சகம் குரூப்புக்குப் போகும். சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் (எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்) இன்டர்னல்-எஸ்எஃப்டிபி என்ற வரியின் கடைசியில் '-யு 0007' சேர்த்துவிட்டால் நீங்களும் அந்த ஃபைலைத் திருத்தலாம். இதை விட்டுவிட்டால் சில சமயம் பார்க்க மட்டுமே முடியும். முகூர்த்த நேரத்தில் ஒரு எழுத்துப் பிழை திருத்த டிசைனருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

லோகோ, ஃபான்ட், பிள்ளையார் படமெல்லாம் மூவருக்கும் பொதுவாக வேண்டியிருக்கும். அதற்கு ஷார்ட்கட் மாதிரி சிம்லிங்க் போடாதீர்கள். அடைபட்டவர் கண்ணுக்கு வெளிப்பாதை என்று ஒன்றே கிடையாது. லிங்க் பெயர் மட்டும் தெரியும், திறக்காது. பொது ஃபோல்டரை ஒவ்வொருவர் ஃபோல்டருக்குள்ளும் பைண்ட் மவுண்ட் செய்யுங்கள், அதாவது ஒரே ஃபோல்டரை அங்கேயும் தெரிய வையுங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலிலும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு தடவை கரன்ட் போய் வந்தால் மவுண்ட் காணாமல் போயிருக்கும்.

ஒரே பாஸ்வேர்டு விஷயத்தில் நானும் சூடு பட்டவன்தான். கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு நாலு பேருக்கும் சேர்த்து 'ஆபீஸ்' என்று ஒரே அக்கவுன்ட் போட்டுக் கொடுத்தேன். வைகாசி மாதம், ஒரு வளைகாப்பு ஆல்பம் ஃபோல்டரோடு காணோம். லாகைத் திறந்தால் வரிக்கு வரி ஆபீஸ், ஆபீஸ், ஆபீஸ். நாலு பேரும் "நான் இல்லை சார்." கேமரா கார்டை யாரோ சோம்பேறித்தனமாக அழிக்காமல் வைத்திருந்தார்கள், தப்பித்தேன்.

இன்னொன்று: யாராவது வேலையை விட்டு நின்றால் பாஸ்வேர்டைப் பூட்டுவது மட்டும் போதாது. பாஸ்வேர்டுக்குப் பதில் காட்டும் கீ ஃபைலை அவர் வைத்திருந்தால் அதைக் காட்டி உள்ளே வரலாம். யூசர்மாட் கட்டளையில் காலாவதி நாளாக 1 என்று கொடுங்கள், அக்கவுன்டே செத்துவிடும்.

கேள்வி: ஃபைல் ஏற்றி இறக்கும் எங்கள் ஆபீஸ் எஃப்டிபி முகவரி முன்பெல்லாம் குரோமிலேயே திறக்கும். இப்போது ஏன் திறப்பதில்லை?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: 2021-ல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே எஃப்டிபியைக் கழற்றிவிட்டன. ஃபைல்ஸில்லா என்ற மென்பொருள் போட்டுத் திறக்கலாம். ஆனால் வெறும் எஃப்டிபியில் பாஸ்வேர்டு, தபால் கார்டில் எழுதியது போல வழியெல்லாம் வெட்டவெளிச்சமாகப் போகும். அதை வகுத்த காலம் அப்படி. 1971-ல் அதற்கு முதல் வரைவு எழுதியவர், கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச் மாணவர் அபய் பூஷண். அப்போது அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்தார். ஒருவரையொருவர் தெரிந்த நாலு ஆய்வுக்கூடங்களுக்குள் ஃபைல் அனுப்பத்தான் அது. எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபி-க்கு மாறிவிடலாமா என்று உங்கள் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். போர்ட் எண் 21-க்குப் பதில் 22.